முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

என் மஞ்சக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகப் போகிறது. நீ உயிரோடு இருந்த கடைசி எட்டு மாதம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவன், இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை போ, உன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!

இங்கே பள்ளிக்கூடத்தில் பனி இறங்கிவிட்டது. காலைப் பிரேயரில் எதிரே நிற்கிற பிள்ளைகளின் முகம் தெரிவதில்லை, குரல் மட்டும்தான் வருகிறது. போன வாரம் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தார்கள். கம்பெனிக் கழிவு கலந்த தண்ணீரின் நுரை காற்றில் எழும்பி, காம்பவுண்டு சுவரைத் தாண்டி, நம் மைதானத்துக்குள் உருண்டு வந்தது. ஆறாம் வகுப்பு வாண்டுகள் அதைத் துரத்திக்கொண்டு ஓட, நான் விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்டு போனேன். ஒரே ஒரு நுரைக் கட்டி மட்டும் வராந்தா ஏறி, உன் ரூம் கதவு வரைக்கும் போய், அங்கே நின்றுகொண்டது. காற்று நின்றுவிட்டது போலிருக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கொடிக்கம்பத்துக் கயிறு படபடவென்று அடித்துக்கொண்டேதான் இருந்தது.

உன் ரூம் என்றால் உனக்குத் தெரியும், இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்குத் தெரியாது. அதனால் உன் கதையையே உனக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். பழைய கெமிஸ்ட்ரி சாமான் அறையைக் காலி செய்து, நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, பிள்ளைகளின் சண்டையைப் பிள்ளைகளே பேசித் தீர்க்க வேண்டும் என்று நீ ஆரம்பித்த ரூம் அது. நம் பள்ளியில் சண்டைக்கா பஞ்சம்? தளி பக்கத்துப் பிள்ளை கன்னடத்தில் எதையோ சொல்லிச் சிரிக்கும், திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர் பிள்ளை தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று பாயும், நடுவில் தெலுங்கு பேசுகிற பிள்ளை ரெண்டு பக்கமும் அடி வாங்கும். நான் உடற்கல்வி ஆசிரியன். என் வைத்தியம் உனக்குத் தெரியுமே. ஆளுக்கு ரெண்டு போட்டு அனுப்புவேன். மைதானத்தில் முடிந்த சண்டை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மறுபடி ஆரம்பிக்கும்.

நடுவில் இருந்து பேச்சை நடத்துவதற்கு, நீ ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து ஒரு பருவம் முழுக்கப் பழக்கினாய். யார் பக்கம் நியாயம் என்று சொல்லக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சண்டை போட்ட ரெண்டு பேரையும் நீ எதிரெதிரே உட்கார வைக்கவில்லை. முதுகுக்கு முதுகு வைத்துப் போட்ட ரெண்டு நாற்காலியில் உட்கார வைத்தாய். "மூஞ்சியப் பாத்தா முறைப்பாங்கடா மாதேசா. முறைச்சா காது அடைஞ்சிரும்" என்றாய். யாராவது திரும்பிப் பார்த்தால் பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பின்னால் இருக்கிறவர் சொன்னதை, 'நான்' என்று போட்டு, தன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் சொல்லலாம். பேச்சு முடிந்ததும் குறிப்பெழுதிய தாள்களைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட வேண்டும். ரூமில் பேசியது ரூமோடு சரி.

'மாதேசா' என்று என்னை நீட்டிக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். அம்மாகூட மாதேஷ் என்பாள்.

அந்தக் கடைசி ரூலில்தானே நாம் ரெண்டு பேரும் உடைந்தோம்?

என் மகள் பவித்ரா அப்போது ஒன்பதாவது. கூடப் படிக்கிற பெண்ணின் நெற்றியில் ஜாமெட்ரி பாக்ஸால் அடித்துவிட்டாள். இருவரும் உன் ரூமுக்குப் போனார்கள். நாற்பது நிமிஷம் கழித்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். அதைப் பார்த்து நான்கூட அசந்துதான் போனேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பவித்ரா நம் வீட்டுக்கு வரவில்லை. பையோடு நேராகத் தொரப்பள்ளியில் இருக்கிற உன் வீட்டுக்கு வந்து, "இனிமே அத்தை வீட்ல இருந்தே படிக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் வண்டி நிறுத்துகிற இடத்தில் உன்னை மடக்கினேன்.

"உள்ள என் பொண்ணு என்னைப் பத்தி என்ன சொன்னா?"

"கேக்காதே மாதேசா."

"நான் அவ அப்பன்."

"அதனாலதான் கேக்காதேங்குறேன்."

"நீ எனக்கு அக்காவா, டீச்சரா? அத மொதல்ல சொல்லு."

"இந்த விஷயத்துல டீச்சர்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்படியா? நீ செத்தாக்கூட உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன், போ!" என்றேன். நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வண்டிய நகத்து, வழிய மறைக்குது" என்றாய். அவ்வளவுதான். அக்கா தம்பிக்குள் கடைசியாக நடந்த பேச்சு அது.

எட்டு மாதம் ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே டீ கேனிலிருந்து டீ குடித்தோம். அப்புறம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று மாமா போன் செய்தார். பிறந்த வீட்டுக் கோடியை நான்தானே கொண்டுவர வேண்டும்? வாங்கினேன், அக்கா. நல்ல அரக்குப் புடவை. உன் வீட்டு கேட் வரைக்கும் வந்தேன், செருப்பைக் கழற்றினேன். அதற்குமேல் கால் நகரவில்லை. புடவையை என் வீட்டுக்காரி சுஜாதாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். நான் வண்டி ஏற்பாட்டுக்குப் போய்விட்டதாக அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், அவளே அப்படித்தான் நினைத்தாள். நான் போகவில்லை. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தை ஒட்டி, உன்னைத் தூக்குகிற வரைக்கும் வெறுங்காலோடு நின்றேன். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன் பார், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மகராசன்! எல்லோரும் உள்ளே பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர், "மஞ்சுளா டீச்சர் ரூமை யாராவது எடுத்து நடத்தினா நடத்துங்க, இல்லன்னா பூட்டிருவேன்" என்றார். நான் கையைத் தூக்கினேன். அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று எல்லோருக்கும் கண் கலங்கியது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு வேண்டியிருந்தது சாவி. உள்ளே எங்காவது, ஏதாவது ஒரு தாளில், என் மகள் சொன்னது எழுதியிருக்காதா என்று பார்க்கத்தான்.

அலமாரியில் உன் பிஸ்கட் டப்பா இருந்தது. பிள்ளைகள் நடித்துப் பழகுவதற்காக நீ எழுதி வைத்த கற்பனைச் சண்டைகள், சீட்டு சீட்டாக. எண்ணிப் பார்த்தேன், பதினாலு. அது எனக்கு எதற்கு? மூலையில் வாளி. தண்ணீர் எப்போதோ வற்றி, ஊறிய காகிதமெல்லாம் அடியில் காய்ந்து அப்பளம் போல் வெடித்துக் கிடந்தது. தரையில் உட்கார்ந்து ஸ்குரூடிரைவரால் சுரண்டி எடுத்து, பெயர்ந்த துண்டையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு துண்டில் 'அப்பா' என்று மட்டும் மிஞ்சியிருந்தது. யாருடைய அப்பா? எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் அப்பா இருக்கிறான். அந்தத் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அதோடு விட்டேனா? அன்றைக்குப் பவித்ராவின் சண்டையைப் பேசித் தீர்த்த ரெண்டு பிள்ளைகளில் ஒருத்தன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். இன்னொருத்தி ரேஷ்மா, இப்போது பதினொன்றாவது. அவளை மாடிப்படி முனையில் நிறுத்திக் கேட்டேன். "மறந்துட்டேன் சார்" என்றாள். கத்தினேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, வாய் மட்டும் "மறந்துட்டேன் சார்" என்பதைத் தாண்டி வேறு ஒரு எழுத்து சொல்லவில்லை. பதினாறு வயசுப் பிள்ளையை அழவைத்துவிட்டு நான் நேராகப் போய் வாலிபால் மேட்ச் நடத்தினேன். கேட்டுக்கொண்டாயா உன் தம்பியின் லட்சணத்தை?

பவித்ரா நம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள், நீ இல்லாத வீட்டில் எப்படி இருப்பாள்? ஆனால் என்னோடு அவளுக்கு மூன்றே வார்த்தைதான். ம். இல்ல. வேணாம். எனக்குத் தெரிந்த ஒரு காரணம் உண்டு. பிரேயருக்குத் தாமதமாக வந்தாள் என்று ஒரு தடவை அத்தனை பிள்ளைகள் முன்னால் அவளை அறைந்திருக்கிறேன். என் பெண் என்பதற்காக விட்டுவிட்டேன் என்று யாரும் பேசக் கூடாதே! அதைத்தான் உள்ளே சொல்லியிருப்பாள் என்று ஒரு நாள் தோன்றும். அதைவிடப் பெரிதாக எதையாவது சொல்லியிருப்பாளோ என்று மறுநாள் தோன்றும். நான் மறந்துபோன ஏதோ ஒன்றை அவள் மறக்காமல் வைத்திருக்கிறாளோ? இந்த யோசனையில் சோறு இறங்கவில்லை, அக்கா.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சுஜாதா கம்பெனி ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். கொல்லைப் பக்கம் மெதுவாகப் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். பவித்ரா சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி, முதுகுக்கு முதுகாக. அவள் ஏதோ சொல்வாள், கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், "ம், சரி" என்று தலையாட்டுவாள், மறுபடி சொல்வாள். இப்படியே நடந்தது. போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்ன, எப்படியும் அவள் திரும்பிப் பார்க்கப் போவதில்லையே என்று எனக்கு ஒரு கள்ள எண்ணம். ரெண்டு அடி வைத்தேன், சத்தமே இல்லாமல்.

"அப்பா, அதுல உக்காராதீங்க" என்றாள், திரும்பாமலே.

"ஏம்மா, சும்மாதானே கெடக்குது?"

"சும்மா இல்ல."

பேசாமல் உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டேன். அது நீதானா, அக்கா? இல்லை, பிள்ளை தனக்குத்தானே பேசிப் பழகிக்கொண்டாளா? யாரைக் கேட்பேன் நான்!

இதற்கிடையில் ஒரு விஷயம் நடந்தது, உனக்குச் சந்தோஷமாக இருக்கும். சாவிக்காக நுழைந்தவன், போகப் போக நிஜமாகவே பிள்ளைகளைப் பழக்க ஆரம்பித்திருந்தேன். முதல் மாதம் மகா மோசம். "அமைதியா கேளுங்க!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பே அமைதியாகிவிட்டது. அப்புறம் கொஞ்சம் பிடிபட்டது. புதிதாக வந்ததில் இசக்கி என்று ஒரு பெண், ஒன்பதாவது. அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்து ஜூனில்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். "நான் சொல்லுதேன் சார்", "அவ அழுதா சார், பாவமா இருக்குல்லா" என்று அவள் பேசுவதைக் கேட்டு மற்றதுகள் சிரிக்கும். காது கொடுத்துக் கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. உன்னை அவள் பார்த்ததே கிடையாது. உன் போட்டோவைக்கூட அந்த ரூமில் மாட்டவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மதிய இடைவேளை. பதினாலு சீட்டும் நடித்து முடித்தாயிற்று, பழையதையே மறுபடி எடுக்கலாம் என்றேன். பத்தாவது படிக்கிற நவீன் டப்பாவுக்குள் கை விட்டவன், "சார், நடிக்காதது இன்னொண்ணு கீது" என்றான்.

பதினைந்தாவது. உன் கையெழுத்து. மூடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைத்துக்கொள்கிறேன். மேலே எல்லோருக்குமான விஷயம் எழுதியிருந்தது: 'அக்கா, தம்பி. இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. தம்பி ஒன்றைக் கேட்கிறான். அக்கா சொல்ல மறுக்கிறாள்.' அதற்குக் கீழே, நீ எப்போதும் செய்வது போல, நடிக்கிறவர் மட்டும் படிக்க ஆளுக்கொரு துண்டு, மடித்து ஸ்டேப்ளர் அடித்து.

அன்றைக்குப் பார்த்துத் தம்பியாக நடிக்க வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். "சார், நீங்களே உக்காருங்க சார்" என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் துண்டைப் பிரித்தேன். 'தம்பிக்கு: உனக்கு அக்கா மேல் கோபம். கோபம் மட்டும்தானா என்று யோசி.' அக்காவாக இசக்கி. முதுகுக்கு முதுகு உட்கார்ந்தோம். நவீன் பேச்சை நடத்தினான். கதவோரம் மேற்பார்வைக்கு ரேஷ்மா நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "என் விஷயத்த என்கிட்ட சொல்ல மாட்டியா? நான் என்ன வெளியாளா?" என்று ஆரம்பித்தேன். இசக்கி முதலில் அவள் பாணியில்தான் பேசினாள். "சொல்லக் கூடாதுல்லா தம்பி. அதான் சொல்லாம இருக்கேன்." பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தன. நான் விடவில்லை. கேட்டேன், கேட்டேன், மூன்று தடவை கேட்டேன்.

அப்புறம் பின்னாலிருந்து மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு வந்த குரலில் திருநெல்வேலி இல்லை, அக்கா.

"எனக்கே தெரியாதுடா."

திரும்பக் கூடாது. திரும்பினால் முதலிலிருந்து.

"நான் வெளிய உக்காந்திருந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள என்ன பேசினாங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை தெரியாது."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா? நேரா அந்தப் பிள்ளைங்ககிட்ட போயிருப்பே. தெரியும்னு நெனச்சு என்கிட்ட முட்டிக்கிட்டு நிக்கட்டும்னு விட்டேன். நீ திட்டினா நான் தாங்குவேன். அதுங்க தாங்குமா?"

ரேஷ்மா கதவோரம் தலை குனிந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது காதுக்குப் பக்கத்தில், இன்னும் தணிந்த குரலில் வந்தது.

"சாவுக்கு வர மாட்டேன்னே. வந்தே. உள்ள வராம அங்கயே நின்னே. கால்ல செருப்புகூட இல்லாம வெயில்ல நின்னியே மாதேசா."

நவீன்தான், "சார், அக்கா சொன்னத நீங்க திருப்பிச் சொல்லணும்" என்று ஞாபகப்படுத்தினான். ரூல்படி 'நான்' போட்டுச் சொன்னேன். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாது. நீ பிள்ளைகளிடம் போயிருப்பாய், அதனால் விட்டேன். நீ வந்ததை நான் பார்த்தேன். செருப்பில்லாமல் வெயிலில் நின்றதைப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

நவீன் விழித்தான். "சார், செருப்பு, வெயிலு... அவ அத சொல்லலையே."

"சொன்னா. இப்பத்தான் சொன்னா."

"இல்ல சார்" என்றார்கள் எல்லோரும். இசக்கி பயந்து எழுந்து நின்றாள். "'தாங்குமா'ன்னு கேட்டதோட நான் நிறுத்திட்டேன் சார். சத்தியமா." அவள் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். உன் கையெழுத்தில் ரெண்டே வரி. 'அக்காவுக்கு: உனக்கும் அது தெரியாது. தெரியாது என்று சொன்னால் அவன் பிள்ளைகளிடம் போவான்.' அதற்குக் கீழே வெற்றுத் தாள். "கையெல்லாம் சில்லுனு இருக்கு சார், தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று இசக்கி வெளியே ஓடினாள். உச்சி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

சரி, எனக்கு மட்டும் கேட்டது என்றே வைத்துக்கொள்வோம். என் குற்றவுணர்ச்சிதான் உன் குரலில் பேசியது என்று நாலு பேர் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும். நீ எதற்காக எட்டு மாதம் என் கோபத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாய் என்பது அந்தத் தாளில் இருக்கிறதே, அது பொய்யா? 'தெரியாதுடா' என்ற ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் சண்டை. முன்பின் உறவில்லாத ரெண்டு பிள்ளைகளுக்காக நீ அதைச் சொல்லாமலே செத்துப்போனாய். நீ எதற்குப் பயந்தாயோ, நான் அதையே அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன்.

மறுநாள் மைதானத்தில் ரேஷ்மாவைக் கூப்பிட்டு, "தப்பு பண்ணிட்டேம்மா, மன்னிச்சிரு" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல சார். ஆனா இப்பவும் மறந்துதான் போச்சு" என்றாள். உன் தயாரிப்பு, வேறெப்படி இருக்கும்?

அன்றைக்கே, பேச வேண்டியவர்கள் பெயர் எழுதிப் போடுகிற ரூம் வாசல் பெட்டியில் நானும் ஒரு சீட்டுப் போட்டேன். பேச வேண்டியவர்: மாதேஷ், உடற்கல்வி ஆசிரியர். யாரோடு: பவித்ரா, பத்தாம் வகுப்பு. எதிராளி தானாகச் சம்மதித்தால்தான் உட்கார முடியும், வற்புறுத்தக் கூடாது. பன்னிரண்டு நாள் பதிலே இல்லை. வீட்டில் அவள் என்னைக் கடந்து போவாள், தட்டு வைப்பாள், எடுப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. சீட்டைப் பார்த்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. என் ஆயுசில் நான் எதையும் கேட்காமல் இருந்த பன்னிரண்டு நாள் அதுதான். நாக்கு தடித்துப்போனது மாதிரி இருந்தது. பதிமூன்றாம் நாள் ரேஷ்மா வந்து, "சார், வியாழக்கிழமை லஞ்ச் டைம். அவ வர்றாளாம்" என்றாள்.

போன வியாழக்கிழமை உட்கார்ந்தோம். ரேஷ்மாவும் இசக்கியும் நடத்தினார்கள். நான் மூன்று தடவை திரும்பிவிட்டேன், மூன்று தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். "சார், இன்னொரு தடவை திரும்பினா நாளைக்குத்தான்" என்று ரேஷ்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாலாவது தடவை திரும்பவில்லை. என் மகள் பேசினாள். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் சேர்த்து வைத்திருந்தது, நிறுத்தி நிறுத்தி, கடைசிவரை பேசினாள். அப்புறம் அதை என் வாயால் நான் திருப்பிச் சொன்னேன், 'நான்' போட்டு. என்ன கொடுமையான ரூல் வைத்தாய், அக்கா! பாதியில் பேச்சு நின்றுபோய், இசக்கி எழுந்து வந்து, "மெதுவா சொல்லுங்க சார், நேரம் இருக்கு" என்றாள்.

முடிந்து எழுந்தபோது பவித்ரா என்னைப் பார்த்தாள். நேராக. சாயங்காலம் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். ராத்திரி, "அப்பா, ரசம் ஊத்தட்டுமா?" என்றாள். சுஜாதா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

இந்தக் கடிதம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் ரூமில் நான் மட்டும் இருந்தேன். வியாழக்கிழமைத் தாள்கள் வாளியில் ஊறிக் கரைந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு, சும்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் இருக்கிற நாற்காலி கிறீச்சென்றது. யாரோ உட்கார்ந்தால் பிளாஸ்டிக் அமுங்குமே, அந்தச் சத்தம். முதுகில் லேசாக ஒரு சூடு. நான் திரும்பவில்லை, பழகிவிட்டேன் இல்லையா? பயமும் இல்லை, பொய் சொல்கிறேன், பயமாகத்தான் இருந்தது. நீ மெதுவாகக் கேட்டாய்.

"என்னடா சொன்னா எங்கொழந்தை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீயும் அதைத் தெரிந்துகொள்ளாமலேயே போனவள்தானே. எட்டு மாதம் அவளை உன் வீட்டில் வைத்துச் சோறு போட்டுத் தலை வாரிவிட்டு, ஒரு நாள்கூட அவளிடம் கேட்கவில்லை. உனக்கு மட்டும் ஆசை இருக்காதா? நான் ஒருத்தன்தான் அதில் வெந்தேன் என்று நினைத்திருந்தேன். எழுந்து ஓடிவந்துவிட்டேன், பதில் சொல்லாமல். அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை நாள் நான் என்னென்னவோ நினைத்தேனே, அதில் ஒன்றுகூட இல்லை. பிரேயரில் நான் விட்ட அந்த அறைகூட இல்லை. இவ்வளவுதான் உனக்கு. அவள் சொன்னதை உனக்குச் சொல்ல மாட்டேன், அக்கா. நீ கொல்லையில் வந்து உட்கார்ந்தாலும், ரூமில் வந்து உட்கார்ந்தாலும், பெற்றவளைப் போல உரிமையோடு கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஒருநாள் நானும் நீ இருக்கிற பக்கம் வந்து சேருவேன், அப்போது முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்பாய். அப்போதும் சொல்ல மாட்டேன். இது என் மகள் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
மாதேஷ்